‘பார்ச்மென்ட்’ என்றால் என்ன? பெரும்பாறையில் கேட்டால் வேறு அர்த்தம்!

வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுக்குத் தயாரானவர்கள் ‘பார்ச்மென்ட்’ என்ற ஆங்கில வார்த்தையை எங்காவது பார்த்திருப்பார்கள். அகராதியைத் திறந்தால், எழுதுவதற்காகப் பதப்படுத்திய ஆட்டுத்தோல் என்று இருக்கும். மனப்பாடம் செய்வோம், செயலியில் டிக் அடிப்போம், அடுத்த வாரம் மறந்துபோவோம்.

இதே வார்த்தையை திண்டுக்கல் மாவட்டம் பெரும்பாறையில் சொல்லிப் பாருங்கள். தாண்டிக்குடி போகும் வழியில், கீழ்ப் பழநி மலையில் இருக்கும் காப்பித் தோட்டப் பகுதி அது. பறித்த பழத்தை பல்ப்பர் மிஷினில் போட்டுத் தோலை நீக்கி, வழவழப்பு போகக் கழுவிக் காய வைப்பார்கள். மெல்லிய ஓட்டோடு நிற்கும் அந்தக் கொட்டைதான் காப்பி வியாபாரத்தில் பார்ச்மென்ட். தோல் நீக்காமல் பழத்தை முழுசாகவே வெயிலில் காய வைத்தால் அதற்குப் பெயர் செர்ரி. கேக் மேல் வைக்கிற செர்ரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

இரண்டுக்கும் விலை வேறு. எனவே காப்பி விற்பவருக்கு இந்த இரண்டு சொல்லும் குழம்பினால் நஷ்டம் அவருக்குத்தான். இவற்றை யாரும் பட்டியல் போட்டுப் படிப்பதில்லை. மூட்டை கட்டும்போதும் விலை பேசும்போதும் வாயில் வந்து வந்து ஒட்டிக்கொள்கிற சொற்கள் இவை.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேரெதிர். தினமும் பத்து வார்த்தை, நூறு நாள் ‘ஸ்ட்ரீக்’. ஆனால், மீட்டிங்கில் பேச வேண்டிய நேரத்தில் அதே பழைய நான்கு வார்த்தைதான் வருகிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, தேவைப்படும்போது வாயில் வருவது வேறு. செயலி சோதிப்பது பெரும்பாலும் முதலாவதை. சம்பள உயர்வு பேசும்போது உதவுவது இரண்டாவது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்தார். படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே மறந்துபோகிறது என்று 1885-ல் எழுதினார். 1975-ல் கிரெய்க், டல்விங் இருவரும் செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு சொல் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கவனித்தவர்களைவிட, அது ஒரு வாக்கியத்தில் பொருந்துமா என்று யோசித்தவர்களுக்கே அந்தச் சொல் அதிகம் நினைவில் நின்றது.

அப்போ லிஸ்ட் எல்லாம் வேஸ்ட்டா? இல்லை. படிக்கிற இடத்தில் அர்த்தத்தை ஊகித்துக்கொண்டே போனால் தப்பாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது; அகராதி அதற்குத் தேவை. ஆனால், அகராதியோடு நிறுத்தினால் அந்த வார்த்தை நமக்குச் சொந்தமாவதில்லை.

தமிழுக்கும் இதே கதைதான். காப்பிக்கு ‘குளம்பி’ என்று ஒரு சொல் உண்டு. டீக்கடையில் யாராவது அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ‘செயலி’ மட்டும் எப்படி நின்றது? தினம் செய்தியில் படித்தோம், நாமே எழுதினோம், இந்தக் கட்டுரையிலும் நீங்கள் தடுமாறாமல் கடந்து வந்திருக்கிறீர்கள்.

என் கணக்கு எளிது: பத்து வார்த்தை வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். உங்கள் வேலையில் நிஜமாகவே இடம் இருக்கிற வார்த்தையாக எடுங்கள். திங்கள்கிழமை அகராதியில் பாருங்கள். அன்றே ஒரு மெயிலில் எழுதிவிடுங்கள். புதன்கிழமை மீட்டிங்கில் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், தப்பாகக்கூட வரலாம். பக்கத்து சீட்காரர் திருத்தினால் இன்னும் நல்லது. அவர் சிரித்த வார்த்தை எனக்கு இதுவரை மறந்ததே இல்லை.