துணைவிதிக்குச் சாட்சி யார்?

நகராட்சியின் துணைவிதியை மீறியதாகத் தெருவோர வியாபாரி ஒருவருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. அத்துணைவிதி மன்றத்தில் நிறைவேறியதா, மாநில அரசு ஒப்புதல் அளித்ததா, அரசிதழில் வெளிவந்ததா என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்வோர் அரிது. இவற்றை வெறும் சம்பிரதாயம் என ஒதுக்கும் போக்கு ஆய்வுலகிலும் உண்டு. ஆனால் அந்த அபராதம் செல்லுமா என்பது இம்மூன்றையும் பொறுத்தது.

1923இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை ஒரு தீர்மானத்தின் வழியே அபினிச் சட்டம் இயற்றியது; அதை முறைப்படி மக்களுக்கு அறிவிக்கவில்லை. அதன்கீழ் தண்டிக்கப்பட்ட ஹர்லாவை உச்ச நீதிமன்றம் 1951இல் விடுவித்தது. அறிய வழியே இல்லாத சட்டத்தால் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பெங்களூரு நகரத் திட்டம் தொடர்பான பி.கே. சீனிவாசன் வழக்கில் 1987இல் இக்கொள்கை துணைநிலைச் சட்டங்களுக்கும் உறுதிசெய்யப்பட்டது. தாய்ச்சட்டம் மௌனமாக இருப்பினும் வெளியீடு இன்றியமையாதது.

வெளியீட்டின் முறை எவ்வளவு கறாராக இருக்கவேண்டும் என்பது வேறு கேள்வி. ராம்பூர் நகராட்சியின் குடிநீர் வரி வழக்கு 1960களில் இதை ஆராய்ந்தது. இந்தி நாளிதழில் வெளியிட வேண்டிய அறிவிப்பு, உருது நாளிதழொன்றில் இந்தியில் வெளிவந்திருந்தது. வெளியிடுவது கட்டாயம், அதன் முறை வழிகாட்டுதல் மட்டுமே எனப் பெரும்பான்மை நீதிபதிகள் பிரித்துரைத்தனர். செய்தி மக்களைச் சென்றடைந்ததா என்பதை அளவுகோலாகக் கொண்ட இப்பகுப்பு நியாயமானது.

சிக்கல் அடுத்த படியில் உள்ளது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 23ஆம் பிரிவில், முன்வெளியீட்டுக்கு உட்பட்ட துணைவிதி அரசிதழில் வந்துவிட்டால் அது முறைப்படி இயற்றப்பட்டது என்பதற்கு அதுவே முடிவான சான்று என்கிறது. வரைவு உரியவர்களைச் சென்றடைந்ததா, ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டனவா என்று பின்னர் வினவுவதற்கான வாயில் பெரிதும் அடைபடுகிறது. உள்ளடக்கம் சட்டவரம்பை மீறுகிறதா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டமோ, இயற்றிய அமைப்பு, உறுதிசெய்யப்பட்ட நாள், நடைமுறைக்கு வந்த நாள் ஆகியவற்றை நகலின்மேல் குறித்து உரிய அலுவலர் கையொப்பமிடுவதை முதல்நோக்குச் சான்றாக மட்டுமே ஏற்கிறது. அதை மறுத்துரைக்க இடமுண்டு.

ஒப்புதலின் கதையும் பழையது. 1888இல் இயற்றப்பட்ட மும்பை மாநகராட்சிச் சட்டம் முதலே, மன்றம் இயற்றும் துணைவிதி அரசின் உறுதிப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதிகாரப் பகிர்வை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கே விட்டது. மேற்பார்வையே வேண்டாம் என்பது பொருந்தாது. மன்றத்தின் பெரும்பான்மை, நகரின் எளியவர்கள்மீது பாயக்கூடும். ஆயினும் மேற்பார்வை சட்டப்பொருத்தத்தை ஆராய்வதோடு நிற்கவேண்டும். மறுப்பு எழுத்து மூலமான காரணத்தோடு வரவேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் துணைவிதி இயற்ற உள்ளாட்சிகளுக்கு ஓராண்டுக் கெடு வைத்தன. ஒப்புதல் தரும் அரசும் தனக்கு ஒரு கெடு வைத்துக்கொள்வதே முறை.

ஒவ்வொரு துணைவிதியின் தலைப்பிலும் தீர்மான நாள், ஒப்புதல் நாள், அரசிதழ் நாள் ஆகிய மூன்றும் வட்டார மொழியில் அச்சிடப்பட வேண்டும். அபராதச் சீட்டிலும் அவை இடம்பெற வேண்டும். அரசிதழ் வெளியீட்டை மறுக்கத்தக்க சான்றாக மாற்றவும் வேண்டும். அவ்வாறாயின், சீட்டைக் கையில் பெறும் வியாபாரி, தன்னைத் தண்டிக்கும் விதி எங்கிருந்து வந்தது என்பதையாவது வாசித்தறிய முடியும்.