தாத்தாவின் சட்டையை வெளுக்காதீர்கள்

எங்கள் தாத்தா இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர் என்பது பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த செய்தி. ‘இம்பாலில் இருந்தேன்’ என்று அவர் எப்போதோ சொன்ன ஒற்றை வாக்கியத்தின் மீது எழுந்த செய்தி அது. சென்ற மாதம் பெரியப்பா பழைய தகரப் பெட்டியைத் திறந்து, போர்க்காலச் சட்டையை என்னிடம் கொடுத்தார். “நல்லா வெளுத்து, கஞ்சி போட்டு, நேதாஜி படத்துக்குப் பக்கத்துல கண்ணாடிச் சட்டத்துல மாட்டிடலாம். தோள்ல ஐ.என்.ஏ. சின்னம் ஒண்ணு தைக்கச் சொல்லு” என்றார்.

நான் மறுத்தேன். அதற்கான காரணத்தை, வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சட்டை காக்கி அன்று, காட்டுப்போருக்கான கரும்பச்சை. கழுத்துப்பட்டையின் உட்புறம் மங்கிய முத்திரை: இந்திய அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் ‘ஐ’ எழுத்தும், கீழே 1944 என்ற ஆண்டும். இந்திய தேசிய இராணுவம் பெரும்பாலும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கிடைத்த பிரிட்டிஷ் கிடங்குத் துணியையே உடுத்தியது. ஆகவே காக்கிச் சட்டையாக இருந்திருந்தால் துணியைக் கொண்டு ஒன்றும் சொல்லியிருக்க இயலாது. 1944ஆம் ஆண்டுச் சட்டை அந்தக் கிடங்கிலிருந்து வந்திருக்க வழியில்லை. போர்க்களத்தில் கைமாறியிருக்கலாமே என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பெட்டியின் அடியில், தீப்பெட்டி ஒன்றுக்குள், மதராஸ் சாப்பர்ஸ் படையின் பித்தளைத் தோள்பட்டயம் கிடந்தது. அதன் பின்புறக் கொக்கிகளின் இடைவெளியும் சட்டையின் தோள்வாரில் உள்ள இரண்டு துளைகளின் இடைவெளியும் அப்படியே பொருந்தின.

மேற்கையில் ஒரு சதுரம் மட்டும் வெளிறாமல் இருக்கிறது. அதைச் சுற்றி ஊசித்துளைகள். டிவிஷன் சின்னம் இருந்த இடம் அது. இம்பாலில் போரிட்ட 17ஆம் இந்திய டிவிஷனின் கரும்பூனையா, 23ஆம் டிவிஷனின் சேவலா என்பதை வெறும் சதுரம் சொல்லாது. நானும் சொல்லமாட்டேன்.

ஆக, தாத்தா இம்பாலில் இருந்தது உண்மை, ஆனால் எதிரணியில். பெரியப்பாவின் முகம் வாடியதை நான் புரிந்துகொள்கிறேன். 1972 முதல் ஐ.என்.ஏ. வீரர்களுக்குத் தியாகி ஓய்வூதியம் உண்டு. தெருவில் மரியாதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கும், அவர்களில் மாண்ட சுமார் 87,000 பேருக்கும் நம் தேசிய நினைவில் இருக்கை இல்லை. நம் கருத்தரங்குகளும் இதற்கு விலக்கல்ல. வறுமையால் சேர்ந்தவர்களையும் ‘கூலிப்படை’ என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். பேட்டியெடுக்கச் செல்லும் மாணவர், குடும்பம் விரும்பும் கதையைப் பதிவுசெய்து திரும்புகிறார். பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை.

அந்தச் சட்டையை வெளுப்பது, கோயில் கல்வெட்டின் மீது மணல்வீச்சு நடத்துவதற்கு ஒப்பானது. வெளிறல், வியர்வைக்கறை, அறுந்த நூல் ஆகிய எல்லாம் வாசகங்கள். சோப்பு வேண்டாம், டிரைகிளீனிங் வேண்டாம், பித்தளைக்குப் பாலிஷ் வேண்டாம். கஞ்சி வெள்ளிமீன் பூச்சியை விருந்துக்கு அழைக்கும். பாச்சை உருண்டை துணியைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும். உள்ளும் புறமும் படமெடுத்தபின், பலமுறை துவைத்த சாயமற்ற பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புகளில் அதே துணியைச் சுருட்டி வைத்து, இருட்டில் கிடத்தினால் போதும். பட்டயத்தைத் தனியே வையுங்கள். பித்தளையின் பச்சைக்களிம்பு நூலை அரிக்கும். கண்ணாடிச் சட்டமும் சுவர் வெளிச்சமும் சில ஆண்டுகளில் அந்தச் சதுரத்தையே அழித்துவிடும்.

பெரியப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெட்டியின் மூடியில் தாத்தாவின் படை எண் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருந்ததாம். எப்போதோ அவரே அதன்மேல் நீலம் பூசிவிட்டார். மூன்று இலக்கங்கள் மட்டும் மேடாகத் தெரிகின்றன. முழு எண் கிடைத்தால் படையின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். வரும் ஞாயிறன்று கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, சாய்வொளியில் படமெடுத்துப் பார்க்கப் போகிறேன்.