அஜாக்கிரதையா, அறிந்தே செய்ததா?

கொட்டைப்பாக்குக்கு விலை கேட்டால் பட்டுக்கோட்டைக்கு வழி சொல்வது நம் ஜில்லாவில் வெறும் பழமொழியாக நின்றுவிடவில்லை. பிள்ளைகள் ஏன் மாண்டார்கள் என்று பெற்றோர் கேட்டால், "அஜாக்கிரதை" என்ற பதில்தான் கிடைக்கிறது.

2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையானார்கள். சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓடக் குறுகிய படிக்கட்டே இருந்தது. கொல்ல நினைத்தவர் எவருமில்லை. அப்படியானால் குற்றம் எது?

பழைய இந்தியன் பீனல் கோடின் 304-ஏ பிரிவு, துடுக்குத்தனத்தாலோ அஜாக்கிரதையாலோ மரணம் விளைவித்தவனுக்கு இரண்டு வருஷத்துக்கு மேற்படாத சிறைவாசம் விதித்தது. 1860-ம் வருஷத்துச் சட்டத்தில் இப்பிரிவு இல்லை, 1870-ல் சேர்க்கப்பட்டது. 304-ம் பிரிவின் இரண்டாம் பாகமோ வேறு. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், தன் செய்கையால் உயிர் போகக்கூடும் என்று அறிந்து செய்தவனுக்குப் பத்து வருஷம் வரை விதிக்கலாம். இரண்டையும் பிரிப்பது 'அறிந்து' என்ற அந்த ஒரு சொல்லே. அடுப்புக்கு அருகே கீற்றுக் கொட்டகையில் குழந்தைகளை அடைத்து வைத்தால் என்ன நேரும் என்பதை அறியப் பட்டம் பெற்றிருக்க வேண்டுமா? நமது கிராமத்துப் பாட்டிகள் அறிவார்கள்.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2014 ஜூலை 30-ந் தேதி தஞ்சை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும், 11 பேரை நிரபராதிகள் என்றும் தீர்ப்பளித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் சென்னை ஹைகோர்ட்டு அதை அனுபவித்த காலத்தோடு முடித்தது.

2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதை அமலில் இருக்கிறது. அதன் 106-ம் பிரிவு இரண்டு வருஷத்தை ஐந்தாக்கியது. முன்னைய 304-ம் பிரிவு அங்கே 105-ம் பிரிவாயிற்று. விபத்து செய்து தகவல் கொடாமல் ஓடிய வண்டியோட்டிக்குப் பத்து வருஷம் என்ற விதியை எதிர்த்து அவ்வருஷ ஜனவரியில் லாரி ஓட்டிகள் வேலை நிறுத்தம் செய்தனர். சர்க்கார் அவ்விதியை மட்டும் அமலாக்காமல் நிறுத்திக்கொண்டது. ஓட்டிகளின் முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் ஏற்றிச் செல்பவன் தூக்கமின்றிக் கண் அயர்ந்தால் அவனே கைதாகிறான். இரண்டு இரவு உறங்காதவன் என்று தெரிந்தே வண்டியை அனுப்பிய முதலாளியை எவரும் விசாரிப்பதில்லை.

தண்டனையின் அளவைக் கூட்டுவதில் நமக்கு அவ்வளவு அக்கறையில்லை. குற்றப்பத்திரிகை எழுதும் போலீஸார், மாண்டவன் எப்படி மாண்டான் என்பதோடு நில்லாமல், அபாயத்தை எவர் எந்தத் தேதியில் அறிந்தார் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. கட்டடம் பத்திரமானதென்று கையெழுத்திட்ட காகிதம் முதல் சாட்சியமாகக் கோர்ட்டுக்கு வரட்டும்.