அனுமதி முதலில், அஸ்திவாரம் பிறகு

லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் சீவியே காலங்கழித்து, 55 வயதில் சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கும் தொழிலாளி, மலிவு விலை வீடு ஒன்றில் குடியேறுகிறார். மகனுக்குத் திருமணமாகிறது, பேரப் பிள்ளைகள் பிறக்கின்றனர், இடம் போதவில்லை. ஒரு கொத்தனாரைப் பிடித்து, பின்புறம் சமையற்கட்டை இழுத்துக் கட்டுகிறார். சுவர் எழும்பிக் கூரையும் ஏறிய பிறகு, நகராண்மைக் கழகத்தின் நோட்டீஸ் வருகிறது: அனுமதியின்றிக் கட்டியதை இடித்துவிட வேண்டும்! ஓர் ஆயுட்கால உழைப்பின் சேமிப்பு அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை. தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொன்னோம். சுவர் வெடித்தால் மானேஜரிடம் முறையிட்டோம். வீட்டைப் பற்றி மன்றத்துக்கு மனுச் செய்யும் அவசியம் நமக்கு ஏற்பட்டதே இல்லை. சொந்த வீடு வந்தது. சொந்த வீட்டுக்காரனின் பொறுப்பு என்ன என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இது ஏழையை வாட்டுவதற்கென்றே வந்த சட்டம் என்று சிலர் பேசுகின்றனர். நமது அபிப்பிராயம் அதுவன்று. 1984ஆம் ஆண்டின் கட்டட உப விதிகள் சொல்வதென்ன? வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, சமையலறை 4.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் வேண்டும். காற்றும் வெளிச்சமும் இல்லாத பழைய லயங்களில், அடுப்புப் புகையில் கண் எரிய வளர்ந்தவர்கள் நாம். நம் தாய்மார்களுக்குக் கிட்டாத அந்தச் சன்னலைத்தான் இந்த விதி கேட்கிறது. அதை நாம் வெறுக்கலாமா?

ஆகவே, கல் இறக்கும் முன் மன்றத்துக்குச் செல்லுங்கள். எந்த வேலைக்கு என்ன அனுமதி என்று கேளுங்கள். மன்றத்துக்கு மன்றம் நடைமுறை மாறும். எனினும் நிலப் பட்டா நகல், அடையாள அட்டை நகல், வீட்டு வரி கட்டிய ரசீது, பிளான் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதமும் பல இடங்களில் கேட்கப்படுகிறது. பாரம் மலாய் மொழியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பள்ளி சென்ற நம் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மன்றத்தின் முத்திரையுள்ள அனுமதியைக் கண்ணால் கண்ட பிறகே பணம் கொடுங்கள். அந்தக் காகிதத்தைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னும் தோட்டத்து வீடுகளில் குடியிருப்போர் நிலை வேறு. நிலம் அவர்களுடையதன்று, மனுச் செய்ய வேண்டியவர் நிலச் சொந்தக்காரரே. தொழிலாளர் குடியிருப்புத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் மீது பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. வீடு சிறுத்தால் தகரத்தை வாங்கி நாமே சாய்ப்பு இறக்குவது வழியாகாது. கிளைச் சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் கேட்பதே வழி.

மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி கேள் என்று சொல்வது நியாயமே. ஆனால் ஒரு சிறு சமையற்கட்டுக்குப் பிளான் வரையும் கூலியே கட்டும் செலவில் பெரும்பங்கைத் தின்றுவிடுமானால், ஏழை எப்படி அந்த வாசலுக்கு வருவான்? மலிவு விலை வீடுகள் ஒரே அளவில் வரிசையாகக் கட்டப்பட்டவை. அவற்றுக்கென மாதிரிப் பிளான்களை மன்றமே தயாரித்துக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தால் என்ன? இடிக்கும் இயந்திரத்தை அனுப்பும் முன், திருத்திக்கொள்ள அவகாசமும் வழியும் காட்டினால் என்ன? சட்டத்தை மதிக்கச் சொல்லும் மன்றம், சட்டத்தை எளியவனுக்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும்.

கிளைத் தலைவர்களே! சம்பளப் பேச்சுக்கு மட்டுமே சங்கம் என்று இருந்துவிடக் கூடாது. வீடு கட்டப் போகும் உறுப்பினர் ஒருவர் இருந்தால், பாரம் நிரப்ப உடன் உட்காருங்கள். தேவையானால் மன்றத்துக்கும் உடன் செல்லுங்கள். ஒரு நாள் வேலை கெடலாம்; ஒரு வீடு நிலைக்கும்.