கல்லுக் கிடங்கில் குப்பை கொட்டலாமா?

குப்பை கொட்ட இடம் தேடும் பேச்சு எழும்போதெல்லாம், கல்லகழ்ந்து கைவிட்ட கிடங்கொன்றை யாராவது காட்டுவது வழக்கம். கிடங்கு ஏற்கெனவே தோண்டியிருக்கிறது. வீடுகளுக்குச் சற்று விலகியும் இருக்கும். நிரப்பி மண் போட்டால் ஊருக்கு ஒரு விளையாட்டு மைதானமும் ஆயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரவெட்டியிலோ வடமராட்சியின் வேறு ஊரிலோ இந்த யோசனை வந்தால் உடனே தலையாட்டக் கூடாதென்பது எமது கருத்து.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை மண்ணினூடாக இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மணலினூடாக இறங்கும் அழுக்குநீர் ஓரளவாவது வடிபடும். சுண்ணக்கல் வெடிப்பில் அந்த வடிப்பு இல்லை. குழாயில் போவது போலப் போய்விடும். எம்மைக் காப்பது மேலே கிடக்கும் சில அடி மண்தான். கல்லகழ்ந்தவர்கள் முதலில் அள்ளிப்போனதும் அந்த மண்ணைத்தான். ஆகவே ஊரிலுள்ள காணிகளுள் நிலத்தடி நீருக்கு மிகக் கிட்ட இருப்பது அந்தக் கிடங்கு. ஆழமான கிடங்கில் மாரி காலத்தில் அடியிலிருந்தே நீர் ஊறும். அப்போது குப்பை நீருக்கு மேலே அல்ல, நீருக்குள்ளேயே கிடக்கும்.

சுன்னாகத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அங்கு மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015இல் மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அவ்வருடம் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், நொதேண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. தீர்ப்புக்கே நான்கு வருடம். எண்ணெயென்றால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். குப்பை ஊறிய சாற்றிலுள்ள அமோனியாவும், பழைய பற்றறிகளின் ஈயமும் கட்மியமும் கிணற்றில் கலந்தால் வாளியில் அள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எமது கிணறுகள் இப்போது மட்டும் சுத்தமா என்று கேட்பவர்களும் உளர். நியாயமான கேள்வி. யூரியாவாலும் மலசலகூடக் குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியிருக்கிறது. அது நாமே செய்த பிழை; அதன்மேல் இன்னொன்றை ஏற்ற அது நியாயமாகாது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டுவிட்டதே என்றும் சொல்வர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அந்தத் தண்ணீரையா இறைக்கப்போகிறோம்?

அதற்காக எங்கள் ஊரில் வேண்டாம், அடுத்த ஊரில் கொட்டட்டும் என்பதும் சரியல்ல. யாழ் நகரக் குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போயிற்று. புகையும் நாற்றமும் அயலிலுள்ள சனங்களுக்கு. நிலத்தடி நீருக்குப் பிரதேச சபை எல்லையும் தெரியாது. நாட்டின் உள்ளூராட்சிக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அதை வளவிலேயே தென்னைக்குத் தாட்டால் லொறியில் ஏற்ற மிஞ்சுவது கொஞ்சம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பொலித்தீன் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்ட சனங்கள்தானே நாம்!

சட்டம் தானாக வந்து காக்கும் என்றும் இருந்துவிடக் கூடாது. 1993ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, பொதுவாக நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட கழிவகற்றும் திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அவ்வாறு மதிப்பிட்டால், அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் தவணை உண்டு. ஒரு சிறிய பிரதேச சபையின் குப்பை அந்த 100 தொன்னை எட்டாது. ஆகவே கேள்வியை நாமே எழுப்ப வேண்டும்: கிடங்கின் அடிக்கும் மாரி நீர்மட்டத்துக்கும் இடையில் எத்தனை அடி? அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மார்கழியில் மழை ஓய்ந்ததும் கிராம அபிவிருத்திச் சங்கத்தார் நாலுபேர் கயிறும் கல்லுமாகப் போய்க் கிடங்கையும் அதைச் சுற்றியுள்ள கிணறுகளையும் அளந்து, தினத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். சபைக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு போவோம்.