அந்தப் பாவாடையை 58 ஆண்டுகள் காத்தவர் யார்?

2025 ஜூன் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர நீதிமன்றத்தில் 92 வயது முதியவர் ஒருவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். ரைலண்ட் ஹெட்லி என்னும் அம்மனிதர், 1967-இல் தனித்து வாழ்ந்துவந்த லூயிசா டன் என்ற 75 வயது மூதாட்டியை அவருடைய வீட்டிலேயே வன்புணர்ந்து கொன்றவர். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, மூதாட்டியின் பாவாடையில் இருந்த கறையிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டது. வேறொரு விவகாரத்துக்காக 2012-இல் ஹெட்லியிடம் எடுக்கப்பட்டிருந்த மாதிரியோடு அது பொருந்திற்று. இச்செய்தி வந்த வாரம் எங்கள் ஆய்வாளர் குழுக்களில் அது சுற்றிச் சுற்றி வந்தது. 'அறிவியல் வென்றது' என்பதே ஏறக்குறைய எல்லோருடைய குறிப்பும். குற்றவியல் சான்றுச் சட்டத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில் அக்குறிப்போடு எனக்கு உடன்பாடில்லை. அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அலெக் ஜெஃப்ரீஸ் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டி.என்.ஏ. ரேகைமுறையைக் கண்டறிந்தது 1984-இல். அதற்கு 17 ஆண்டுகள் முன்பு நடந்த கொலை இது. 1967-இல் அப்பாவாடையை எடுத்து வைத்த காவலருக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரியாது. அவர்கள் நம்பியது சன்னலில் பதிந்திருந்த உள்ளங்கை ரேகையை. சுற்றுவட்டாரத்தில் 19,000 ஆண்களின் உள்ளங்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹெட்லி அவ்வட்டத்துக்குச் சற்று வெளியே குடியிருந்தார், தப்பினார். அன்றைய அறிவியல் அங்கே தோற்றுப்போனது. ஆயினும் பெட்டி எறியப்படவில்லை. அலுவலர்கள் ஓய்வு பெற்றார்கள், கட்டடங்கள் மாறின, பெட்டி மட்டும் இருந்தது. வென்றது அறிவியல் என்றால், அந்த வெற்றிக்கு அரை நூற்றாண்டு வாடகை கட்டியது ஒரு பண்டகசாலைப் பதிவேடு.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ரிச்மண்ட் சாலையை நினைக்காமல் இருக்க முடியாது. மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தியான ஷாகிரா கலீலி 1991 மே இறுதியில் காணாமற்போனார். மறு ஆண்டு மகள் காவல் நிலையத்தில் முறையிட்டார். 1994 மார்ச்சில் அவருடைய வீட்டு முற்றத்துக்கடியில் ஒரு பெட்டியும் அதனுள் எலும்புக்கூடும் தோண்டியெடுக்கப்பட்டன. எலும்புகளின் டி.என்.ஏ. குருதியுறவினரின் மாதிரியோடு ஒப்பிடப்பட்டது. மண்டையோடு ஒளிப்படத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டது. இரண்டாம் கணவரான சுவாமி சிரத்தானந்தாவுக்கு 2005-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை, உயிருள்ளவரை விடுதலையில்லாத ஆயுள் தண்டனையாக மாற்றிற்று. சட்ட மாணவர்கள் இவ்வழக்கை அந்தத் தண்டனைக் கோட்பாட்டுக்காகவே படிக்கிறார்கள். பொதுமக்களோ 'டி.என்.ஏ. துப்புத் துலக்கிய வழக்கு' என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது நினைவு பாதிதான் சரி. முற்றத்தைத் தோண்டச் சொன்னது டி.என்.ஏ. அன்று, வீட்டுப் பணியாளர் ஒருவரின் வாயிலிருந்து கசிந்த சொல்லே காவல்துறையை அங்கே கொண்டுபோனது என்றுதான் பரவலாக எழுதப்பட்டுள்ளது. 'இவர் யார்' என்ற ஒரு கேள்விக்கு மட்டும் ஆய்வுக்கூடம் விடை சொன்னது. மண்ணும் மரப்பெட்டியும் எலும்பைக் காத்திருந்ததால்தான் அந்த விடையும் கிடைத்தது. கொலையாளியே சான்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அரிய வழக்கு என்றுகூட இதைக் கொடிய நகையோடு சொல்லலாம். எல்லாக் கொலையாளிகளும் அவ்வளவு உதவமாட்டார்கள். அரசுதான் செய்ய வேண்டும்.

அரசு என்ன செய்கிறது? நம் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. இன்று நடந்த கொலைக்கு 58 ஆண்டுகள் கழித்தும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரவேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் அதே சட்டத்தின் 497-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும் பொருள்களுக்கு 14 நாள்களுக்குள் விவரப் பட்டியல் தயாரித்து, ஒளிப்படமோ காணொளியோ எடுத்து, அதன்பின் 30 நாள்களுக்குள் அவற்றை ஒப்படைக்கவோ அழிக்கவோ உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் படமே சான்றாகும். இதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்த எவருக்கும் புரியும். 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டதும் இத்தகைய பொருள்களைப் பற்றித்தான். லாரிக்கும் நகைக்கும் படம் போதும். இரத்தம் தோய்ந்த துணிக்கு? ஒளிப்படத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க இயலாது. உயிரியல் தடயத்துக்கு விலக்கு என்ற ஒரு வரியை அப்பிரிவில் நான் தேடினேன். இல்லை.

இதற்கு நேர்மாறான அக்கறையை வேறொரு சட்டத்தில் காணலாம். குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022, கைது செய்யப்பட்டோரிடமிருந்து ரேகை, விழித்திரை முதல் உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும் வரை எடுக்க இடமளிக்கிறது. அப்பதிவுகள் 75 ஆண்டுகள் வைத்திருக்கப்படும். பிடிபட்ட உயிருள்ளவரின் உடற்குறிப்புக்கு 75 ஆண்டு. கொலையுண்டவரின் உடைக்கு, வழக்குத் துலங்கும்வரை காக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் ஒன்றுகூட இல்லை. ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்றை மட்டும் சேமிக்கிறோம்.

சான்றை வைத்திருப்பது மட்டும் போதாது, அது யார் கையில் எப்போது இருந்தது என்ற கணக்கும் வேண்டும் என்பதைத் தேனி மாவட்டத்துச் சுருளி அருவி வழக்கு காட்டிற்று. 2011-இல் அங்கே ஓர் இளம் இணை கொல்லப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் உடலிலிருந்து எடுக்கப்பட்ட நாளுக்கும் ஆய்வுக்கூடம் சேர்ந்த நாளுக்கும் இடையே அவை எங்கே, யாருடைய பொறுப்பில் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கில்லை என்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று. தூக்குக்கயிற்றின் அருகே ஒரு மனிதரைப் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது அந்த டி.என்.ஏ. அறிக்கை, உண்மையான கொலையாளி வேறொருவர் என்றால் அவரை இனி அடையாளம் காட்ட முடியாதபடி ஆக்கியதும் அந்தக் கணக்கின்மையே. அத்தீர்ப்பில் நாடு முழுமைக்கும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றி முத்திரையைப் பிரிக்கக் கூடாது, கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். மிகத் தேவையான தீர்ப்பு. எனினும் அப்பதிவேடு 'தண்டனை அல்லது விடுதலை' வரை பேணப்பட வேண்டும் என்கிறது. குற்றவாளியே கிடைக்காத வழக்குக்குத் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. கர்நாடகத்தில் அத்தகைய வழக்குகளைக் காவல்துறை 'சி' அறிக்கை எழுதி மூடுகிறது: குற்றம் உண்மை, செய்தவர் தெரியவில்லை. அதன்பின் அந்த மூட்டையின் கதி?

ஆய்வுக்காக ஒரு சிற்றூரின் நீதிமன்றச் சொத்து அறையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது, ஊர்ப்பெயர் வேண்டாம். சாராயக் கேன்கள், அரிவாள்கள், சைக்கிள் சட்டகங்கள், அவற்றுக்கிடையே பிளாஸ்டிக் பைகளில் கட்டிய துணி மூட்டைகள். ஈரம் உலராத துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையும் நுண்ணுயிரும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். நன்கு உலர்த்தித் தாளுறையில் வைத்தால், கடுங்குளிர்ப் பெட்டி இல்லாமலே கறை பல பத்தாண்டு தாங்கும். இந்த வேறுபாட்டுக்கான செலவு ஒரு தாளுறையின் விலை. அந்த அறையின் எழுத்தர் என்னிடம் கேட்டார்: "சார், கொலைத் துணிய எத்தன வருசம் வச்சிருக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? பழசை ஏன் இன்னும் அழிக்கலைன்னு ஆய்வுக்கு வர்றவங்க கேக்கறாங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி சொல்லாததை எழுத்தரின் மனச்சான்றிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

இவ்விடத்தில் என் துறை நண்பர்கள் சிலர் வேறொரு தீர்வைச் சொல்வார்கள்: பெரிய டி.என்.ஏ. தரவுத்தளம் அமைத்துவிட்டால் எல்லாம் துலங்கிவிடும் என்று. அதற்கென வந்த மசோதா 2019-இல் மக்களவையில் நிறைவேறிக் காலாவதியாகி, மீண்டும் கொண்டுவரப்பட்டு, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போய், 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அது திரும்பப் பெறப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. கலிபோர்னியாவில் ஜோசப் டி ஆஞ்செலோ 2018-இல் பிடிபட்டது, தொலைதூர உறவினர்கள் தாமே ஒரு வமிசாவளித் தளத்தில் ஏற்றியிருந்த மரபணுத் தகவல் வழியாக. கலப்பு மணம் மிகுந்த சமூகத்தில் அந்தக் கணக்கு ஓரளவு தெளிவாக ஓடும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்து, சாதிக்குள்ளேயே கொண்டு கொடுத்துவரும் நம் ஊர்களில், தூரத்து உறவு நெருங்கிய உறவுபோலத் தோன்றும். ஒரு கறை ஓர் ஆளைக் காட்டுவதற்குப் பதில் ஒரு தெருவையே காட்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் முழுச் சமூகங்களையே ரேகைப் பதிவேட்டில் ஏற்றிய நாடு இது. அந்த நினைவுள்ள மண்ணில் எந்தத் தெரு முதலில் காட்டப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தரவுத்தளம் பெருகினால் சந்தேகத்துக்குரியோர் பெருகுவர். சான்று பேணப்பட்டாலோ, குற்றவாளியும் அகப்படலாம், நிரபராதியும் மீளலாம். கனடாவின் சஸ்கட்டூனில் 1969-இல் நடந்த கொலைக்காக டேவிட் மில்கார்ட் 23 ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1997-இல் கொலையுண்ட பெண்ணின் உடை பரிசோதிக்கப்பட்டபோது அவர் குற்றமற்றவர் என்பதும், வேறொருவர் குற்றவாளி என்பதும் ஒரே துணியிலிருந்து வெளிப்பட்டன. அந்த வேறொருவர் 1999-இல் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். மரண தண்டனையைச் சட்டப்புத்தகத்தில் வைத்திருக்கும் நாட்டுக்கு இந்த இரண்டாம் பயனே பெரியதென்பேன்.

இன்னொன்று. காக்கப்பட வேண்டிய மாதிரி எப்போதும் இறந்தவருடையதாகவே இருப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 1999-இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025-இல் அதே பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில், 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு குழந்தையின் எலும்புகளும், அவற்றருகே ஒரு நீலப் பள்ளிப்பையும் அவற்றுள் உண்டு. அங்கே எலும்பு இருக்கிறது. அதற்குப் பெயர் சூட்ட வேண்டுமானால், ரிச்மண்ட் சாலை வழக்கில் செய்ததைப்போல, தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ ஒரு துளிக் குருதி தர வேண்டும். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் பிற ஊர்களிலும் தெருவோரத்தில் அமர்ந்து போராடிவருகிறார்கள். விடை அறியாமலே பலர் இறந்துவிட்டார்கள். அவர்களோடு ஒப்பீட்டு மாதிரியும் புதைந்துவிடுகிறது அல்லது எரிந்துவிடுகிறது. அகழ்வுக்கு நிதியும் நாளும் ஒதுக்குவதற்கு முன்பே, உயிரோடிருக்கும் உறவினரின் மாதிரிகளை, அவர்கள் நம்பும் பன்னாட்டு மேற்பார்வையில், எடுத்து வைப்பதே முதல் வேலை. எலும்பு இன்னும் சில ஆண்டு காத்திருக்கும். எண்பது வயதுத் தாய் காத்திருக்கமாட்டார்.

நம் பக்கம் செய்யக்கூடியது பெரிய சீர்திருத்தமும் அன்று. 497-ஆம் பிரிவில் உயிரியல் தடயங்களுக்கு விலக்கு; துலங்காத கொலை, வன்புணர்வு வழக்குகளில் அழிப்பாணைக்கு முன் உயர் நீதிமன்ற அனுமதி; தண்டனை பெற்றவர் சிறையில் உள்ளவரை அவருடைய வழக்கின் சான்றைக் காப்பது. கடைசியது அமெரிக்காவின் கூட்டாட்சி வழக்குகளில் 2004 முதலே சட்டம். இங்கே இவற்றைச் செய்யச் சொல்லிச் சட்ட ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாவட்டத்துச் சொத்து அறைகளில் துணிகள் எப்படி வைக்கப்பட்டுள்ளன, எப்போது அழிக்கப்படுகின்றன என்று கள ஆய்வு செய்த மாணவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். வரைவு இன்னும் ஒரு மாதம் திறந்திருக்கும்.