மாற்றுவது திருத்துவதாகாது

மாலை ஐந்தரை மணியளவில் பண்ணைப் பாலத்தில் மேற்கு நோக்கி வாகனம் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கி நிற்கும். சோளகக் காற்று கடல்நீரின் துமிகளை வாரிக்கொண்டு வந்து முன்கண்ணாடியில் பூசும். உப்பும் புழுதியும் கலந்த அந்த மெல்லிய படலத்தில் வெயில் பட்டதும் கண்ணாடி முழுவதும் வெண்திரையாகிவிடும்.

கடந்த சோளக காலத்தில் ஒரு மாலை, அந்த இடத்தில்தான் என் காரின் வைப்பர் பிடியை இழுத்தேன். தண்ணீர் வரவில்லை. வைப்பர் காய்ந்த உப்பை இழுத்துத் தேய்த்ததில், அதுவரை தெரிந்த கொஞ்சமும் மறைந்துபோயிற்று. வேகத்தைத் தணித்து ஓரமாக நிறுத்திய பின்னர்தான், மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒரு முதியவர் எனக்கு முன்னால் சில அடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. எனக்குத்தான் கை நடுங்கியது.

மறுநாள் ஒரு கராஜுக்குச் சென்றேன். பெயர் வேண்டாம், அங்கு நடந்தது எங்கும் நடப்பதுதான். இளைஞர் ஒருவர் வந்தார். பொனற்றைத் திறக்கவில்லை. சாவியைக்கூடக் கேட்கவில்லை. “தாங்கி, பம்பு, ரியூப் எல்லாம் செற்றாக மாற்ற வேண்டும் ஐயா. கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும்” என்றார். அவர் சொன்ன விலைக்குப் புதிய பற்றரி ஒன்று வாங்கலாம்.

இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். விசாரணை இல்லாமல் வழங்கப்படும் தீர்ப்பு, நீதிமன்றத்தில் மட்டுமன்று, கராஜிலும் அநீதியே.

வைப்பருக்குத் தண்ணீர் அடிக்கும் பம்பு அப்படியொன்றும் விளங்காத பொறியன்று. உள்ளங்கையில் அடங்கும் 12 வோல்ற் மோட்டார். அதன் நுனியில் சிறிய காற்றாடி போன்ற சக்கரம். தாங்கியின் அடிப்பக்கத்தில் ஒரு இறப்பர் வளையத்துக்குள் அது செருகப்பட்டிருக்கும். பழுது எங்கே என்பதைக் கண்டறியப் பத்து நிமிடம் போதும்.

நான் அடுத்ததாகத் தேடிச்சென்ற, எழுபதைக் கடந்த மின்வேலைக்காரர் செய்தது இதுதான். முதலில் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். பின்னர் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, பிடியை இழுக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். மோட்டாரின் இரைச்சல் கேட்டும் தண்ணீர் வராவிட்டால், பெரும்பாலும் நோய் தண்ணீரின் வழியில் இருக்கிறது: அடைபட்ட துவாரம், கழன்ற அல்லது வெடித்த ரியூப், அழுக்கேறிய வடி. இரைச்சலே இல்லையென்றால் மின்சாரத்தின் வழியைப் பார்க்க வேண்டும்: பியூஸ், வயர், ஆளி, பம்பின் இணைப்பி.

என் காரில் இரைச்சல் இல்லை. பியூஸ் நன்றாகவே இருந்தது. பம்பின் இணைப்பியைக் கழற்றி, அதில் சோதனை விளக்கொன்றைப் பிடித்தபடி மீண்டும் இழுக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. அதாவது மின்சாரம் பம்பின் வாசல்வரை வருகிறது. உள்ளே மோட்டார்தான் செத்துவிட்டது. விளக்கு எரியாதிருந்தால், புதிய பம்பு வாங்குவது காசைக் கடலில் எறிவதற்குச் சமம்.

ஆக, பம்பு பழுதென்று அந்த இளைஞர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். அங்குதான் விடயம் இருக்கிறது. முதியவர் பம்பை நேராக இழுத்துக் கழற்றி, அதன் வாயிலிருந்த வடியைக் காட்டினார். பாசியும் வெண்படிவும் சேர்ந்து அதைச் சாந்து பூசியதுபோல் அடைத்திருந்தன. தண்ணீர் கிடைக்காத பம்பு வெறுமையாகச் சுழன்று சூடேறி எரிந்திருக்கிறது. “இதைப் பார்க்காமல் புதுப் பம்பு போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும் தம்பி” என்றார்.

அந்த வெண்படிவு நம் மண்ணின் கொடை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறிய நீர். கேத்திலின் அடியில் படிவது எதுவோ, அதுவே ஊசிமுனை அளவான துவாரங்களிலும் படிகிறது. கிணற்று நீரை வாளியோடு தாங்கியில் ஊற்றிய குற்றவாளி நானே. வடிகட்டிய மழைநீரோ, குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரோ போதுமானது; அவற்றில் சுண்ணாம்பு இல்லை.

முதியவர் தாங்கியைக் கழுவினார். பழைய இறப்பர் வளையத்தை எறிந்துவிட்டுப் புதியதைச் சவர்க்கார நீரில் நனைத்துப் பொருத்தினார். பம்பை மட்டும் மாற்றினார். என்னுடையதைப்போலப் பின்கண்ணாடிக்கும் வைப்பர் உள்ள கார்கள் சிலவற்றில், ஒரே மோட்டார் ஒருபக்கம் சுழன்றால் முன்னுக்கும் மறுபக்கம் சுழன்றால் பின்னுக்கும் நீர் அடிக்கும் என்பதால், வயர்களின் இடத்தைக் குறித்துவைத்தே பூட்டினார். முதலில் சொல்லப்பட்ட தொகையில் சிறு பங்குதான் செலவாயிற்று. தாங்கியும் ரியூபும் இன்றும் பழையனவே.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது இந்தக் குடாநாட்டில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பள்ளிக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. மாற்றுவதற்கு எதுவும் இல்லாதபடியால், பழுதின் காரணத்தைத் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தத் துன்பத்தை நான் புகழவில்லை. அது மீண்டும் வரவே கூடாது. ஆனால் அந்தத் துன்பம் கற்றுத்தந்த அறிவைத் துன்பத்தோடு சேர்த்துப் புதைக்க வேண்டுமா? 2009இல் ஏ9 பாதை மீண்டும் திறந்தது. பொருட்கள் வந்தன, கேட்கும் காது போய்விட்டது. 2022இல் ரூபாய் வீழ்ந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறிய பின்னரும் அது திரும்பி வரவில்லை.

இதற்கு இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்வது எளிது, நேர்மையன்று. அன்று அந்த முதியவர் கூலியைச் சொன்னபோது, “ஒரு சின்னப் பம்பைப் பூட்டுவதற்கு இவ்வளவா?” என்று என் வாயும் கேட்டுவிட்டது. கடைக்காரன் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுத்த கை, ஒரு மணிநேரம் குனிந்து நின்று யோசித்தவருக்குக் கொடுக்கத் தயங்கியது. பொருளுக்கு விலை உண்டு, அறிவுக்கு இல்லை என்று நாமே கற்பித்திருக்கிறோம். பிறகு எந்த இளைஞர் ஆராய்வார்? ஆராய்ந்தால் அவருக்கு ஒரு மணிநேரம் நட்டம். செற்றாக மாற்றினால் இலாபம். அவர் நம்மிடமிருந்துதான் கணக்குக் கற்றிருக்கிறார்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை, பொனற்றுக்குள் கைவைப்பவருக்கும் பொருந்தும். ஆகவே வாகனம் வைத்திருப்போரிடம் என் வேண்டுகோள் இரண்டே. கராஜில் “எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்காதீர்கள், “ஏன் பழுதானது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒருவர் உழைத்துப் பதில் கண்டால், ஒரு பாகமும் மாற்றாவிட்டாலும் அவர் கூலியை முழுமையாகக் கொடுங்கள்.

நான் மறுவாரம் அந்த முதியவரிடம் திரும்பச் சென்று, பேரம் பேசிக் குறைத்த தொகையைக் கொடுத்தேன். “இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று சிரித்தார். பண்ணைப் பாலத்தில் அந்த மீன்காரரின் முதுகு என் கண்ணாடிக்கு முன்னால் திடீரெனத் தோன்றியதை நான் அவருக்குச் சொல்லவில்லை.